வீட்டுக்கடனுக்கு முன் எக்ஸெலில் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம். வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? வாழ்நாளின் மிகப் பெரிய செலவுக்குக் கணக்குப் போடலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஆனாலும் சென்னைப் புறநகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பிளாட்டை வாங்கியபோது, மாதத் தவணையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சொன்ன தேதிக்கு ஏழு மாதம் கழித்துத்தான் சாவி கிடைத்தது. பத்திரப்பதிவுக்குப் பணம் போதாமல் அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. அரை மணி நேரம் எக்ஸெலில் உட்கார்ந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

தவணை எவ்வளவு?

உதாரணமாக வீட்டின் விலை 48 லட்சம் என்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன்களுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 38,40,000 ரூபாய். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம், அதாவது 240 மாதம்.

எக்ஸெலைத் திறந்து, காலியான ஒரு செல்லில் இப்படி டைப் செய்யுங்கள் (பி.எம்.டி. என்பதை ஆங்கில எழுத்துகளில் அடிக்கவும்):

=பிஎம்டி(8.5%/12,240,-3840000)

என்டர் தட்டினால் சுமார் 33,324 ரூபாய் என்று வரும். இப்போது 8.5-ஐ 9.5 என மாற்றுங்கள். தவணை 35,794 ஆகிவிடும். இது வெறும் கற்பனையல்ல. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் அதன் சுமையை உணர்ந்தார்கள். கூடுதல் தவணையையும் உங்கள் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்?

நான் கோட்டைவிட்டது இங்கேதான். ஒரு புதிய ஷீட்டில் முதல் பத்தியில் செலவின் பெயரையும், இரண்டாவது பத்தியில் தொகையையும் கீழ்க்கண்டவாறு எழுதுங்கள்.

1. நம் பங்கு 20 சதவீதம்: 9,60,000
2. ஜி.எஸ்.டி. 5 சதவீதம்: 2,40,000 (கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் பெற்றபின் விற்கும் வீட்டுக்கு இது கிடையாது)
3. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்: இவற்றை வீட்டு மதிப்பில் சேர்த்து வங்கி கடன் தராது
4. கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, பராமரிப்பு முன்பணம்: பில்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்
5. வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம்
6. தாமதச் செலவு

ஆறாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டடம் வளர வளர வங்கி பணத்தைப் பகுதி பகுதியாகத் தரும். தந்த தொகைக்கு உடனே வட்டி கட்ட வேண்டும். பாதித் தொகை, அதாவது 19,20,000 தந்திருந்தால் மாத வட்டி 13,600. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 12,000. இரண்டும் சேர்ந்து 25,600. ஏழு மாதம் தாமதமானால் 1,79,200 ரூபாய்!

தொகைகளுக்குக் கீழேயுள்ள செல்லைத் தேர்வு செய்து ஆட்டோசம் பட்டனைக் க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். 3, 4, 5 வரிசைகளைச் சேர்க்காமலேயே 13,79,200 வருகிறது. "20 சதவீதம் இருந்தால் போதும்" என்று நினைத்தவருக்கு இங்கேயே நான்கு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

கையெழுத்துக்கு முன்

உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்தால் முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் கட்டடம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கு பதிவாக வேண்டிய கட்டடம் என்றால், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் கேட்கக்கூடாது என்பது 2016-ம் ஆண்டுச் சட்டம்.

பைலுக்கு 'வீடு' என்று பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். வங்கிக்குப் போகும் நாளில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அடகுக்குப் போன வளையல்களை மீட்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டில் அந்த நிலை வரவேண்டாம்.