பால் குடிக்கையில் வியர்க்கும் குழந்தை

தாராவித் தமிழர் வீடுகள் பலவற்றில் தலைப்பிரசவம் என்றால் இன்றும் நெல்லைப் பக்கம் ரயில் ஏறுவதுதான் வழக்கம். சில மாதம் கழித்துக் குழந்தையோடு திரும்புவார்கள். பிறவி இதயக் குறை பல குழந்தைகளிடம் வெளியே தெரியத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான்.

பிறந்த அன்றே ஏன் தெரிவதில்லை? பரவலாகக் காணப்படும் குறை, இதயத்தின் கீழறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் ஓட்டை. பிறந்த புதிதில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம். ஓட்டை வழியே ரத்தம் அவ்வளவாகப் பாயாது. சில வாரங்களில் அழுத்தம் இறங்கியதும், உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்கே திரும்பிவிடுகிறது. குழந்தை நாலு மிடறு குடிக்கும், விட்டுவிட்டு இளைக்கும், மறுபடி வாய் வைக்கும். ஃபேன் ஓடும்போதே நெற்றி வியர்க்கும். எடை ஏறாது, சளி விடாது. "பால் பத்தலை", "கண்ணு பட்டிருச்சு" என்பார்கள் வீட்டில். அப்படியே வாரங்கள் போய்விடுவதுதான் எனக்குப் பதைப்பு.

சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும். பிறகு அறுவை செய்து அடைக்கவும் வழியிருக்காது. அழும்போது உதடும் நாக்கும் நீலம் பாரித்தால் அது வேறு வகை. ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி. பரேலில் கே.இ.எம்., வாடியா குழந்தைகள் மருத்துவமனை. முதலில் எக்கோ எடுப்பார்கள். நெஞ்சில் ஜெல் தடவி இதயத்தை ஸ்கேனில் பார்ப்பதுதான், வலிக்காது. பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவச சிகிச்சைக்கு அனுப்பும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம், 2013-இல் இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில்தான் தொடங்கியது. 18 வயதுவரை பொருந்தும். ரேஷன் கார்டோடு, ஊர் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, எடை குறித்த அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். எடை எந்த வாரத்தில் நின்றது என்பது டாக்டருக்கு முக்கியமான தடயம்.

தாயைக் குற்றம் சொல்வதை மட்டும் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவதொரு பிறவி இதயக் குறை இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களிலேயே இதயத்தின் வடிவம் அமைந்துவிடுகிறது. கிரகணத்தன்று அவள் வெளியே வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பத்தில் வரும் ருபெல்லா ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாத வாக்கில், கருவின் இதயத்தைத் தனியாக ஸ்கேனில் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.