பால்கோவாவுக்கு ஊர் கேட்கிறோம்... காபிக்கு ஏன் கேட்பதில்லை?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வெளியூர் பஸ் நுழைந்தாலே பால்கோவா ஞாபகம் வந்துவிடும். அவசரமாக இறங்கி ஓடுகிறவர்கூட, "இந்த ஊர்ச் சரக்குதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில் மாம்பழ சீஸன் வந்தால் பேச்சே வேறு. சப்பட்டை என்றால் எந்தத் தோப்பு, எப்போது பறித்தது என்றெல்லாம் விசாரணை நடக்கும். அவ்வளவு ஏன், நாய்க்கே ஊர்ப் பெயர் சேர்ந்த ஊர் அது!

இதே இரண்டு ஊர்களிலும் காலையில் காபி குடிக்காமல் பொழுது விடியாத வீடுகள் ஏராளம். ஆனால், அந்தக் காபிக்கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கேட்டால் பதில் வராது. காபித்தூள் கடையில் வாங்குகிறவர் கேட்பதெல்லாம், "பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி 20" என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பீபரி என்பது ஊர்ப் பெயரும் இல்லை, செடியின் பெயரும் இல்லை. ஒரு காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒட்டி, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். அதுதான் பீபரி. பிளான்டேஷன் என்பது பழத்தின் தோலை உரித்து, கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டை. பழத்தை அப்படியே காயவைத்தால் அதற்குப் பெயர் செர்ரி. பின்னால் வரும் 'ஏ' கொட்டையின் அளவைச் சொல்கிறது. ஆக, உருவமும் அளவும் பக்குவமும் தெரிந்துவிட்டன. ஊர் மட்டும் தெரியவில்லை.

ஒரே பகுதியில், சில சமயம் ஒரே தோட்டத்தில் விளைந்த கொட்டையை வேறு எதோடும் கலக்காமல் விற்பதைத்தான் 'சிங்கிள் ஆரிஜின்' என்கிறார்கள். பெரிய நகரத்து காபி கடைகளில் இப்போது இதுதான் ஃபேஷன். ஃபேஷன் என்று ஒதுக்கவும் முடியாது. எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே காபியில் பூ வாசமும் எலுமிச்சை வாசமும் எழும். பிரேசில் காபி பெரும்பாலும் வறுத்த கடலை, சாக்லேட் பக்கம் சாயும். இந்தோனேசியாவின் சுமத்ரா காபியில் மழை பெய்த மண்ணின் வாசம் இருக்கும் என்பார்கள்.

இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் உயரம். மேலே போகப்போகக் குளிர் கூடுகிறது. பழம் மெதுவாகப் பழுக்கிறது. அவசரமில்லாமல் பழுக்கும் பழத்தின் கொட்டை கெட்டியாக, இனிப்பும் மெல்லிய புளிப்பும் சேர்ந்து முற்றுகிறது. அராபிகா சுமார் 1,000 மீட்டருக்கு மேல் நன்றாக வருவதும், வெக்கையைத் தாங்கும் ரோபஸ்டா அதற்குக் கீழே வளர்வதும் இதனால்தான். ரோபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம். காஃபினும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மர நிழலும் உயரத்தைப் போலவே பழத்தை நிதானமாகப் பழுக்க வைக்கும். ஏலக்காய்ச் செடி பக்கத்தில் நின்றால் காபியில் ஏலக்காய் மணக்கும் என்று சிலர் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். வாசனை அப்படி வேர் வழியாக ஏறி வருவதில்லை. செடியின் ரகம், மழை, காயவைக்கும் விதம், கடைசியில் வறுவல் என்று எல்லாம் சேர்ந்துதான் ருசி.

அப்படியானால் தமிழ்நாட்டுக் காபி எது? காபி வாரியத்தின் கணக்கில் இங்கே நான்கு பகுதிகள்: நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் மலை, 'புல்னீஸ்' எனப்படும் பழனி மலை. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கமாக இருப்பது கடைசியாகச் சொன்னதுதான். திண்டுக்கல் மாவட்டத்தின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தில் காபிச் செடி தனியாக நிற்பதில்லை. சில்வர் ஓக், ஆரஞ்சு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட், மரத்தில் ஏறிய மிளகு என்று ஒரு குட்டிக் காடே கூட இருக்கும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மலையிறங்கும் கொட்டை பட்டிவீரன்பட்டியில் தோல் நீக்கித் தரம் பிரிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அது வெறும் பிளான்டேஷன், வெறும் பீபரி. பெரும்பாறையா, கர்நாடகத்துச் சிக்மகளூரா என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2019-ம் ஆண்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு அது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழை 2008-லேயே வாங்கிவிட்டது. 2019-ல் ஐந்து இந்தியக் காபிகளுக்கும் குறியீடு வந்தது: கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபூதன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. காபிக்கு நிழல் கொடுக்கும் வாழைக்குப் பெயர் இருக்கிறது, காபிக்கு இல்லை!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், விலை இருக்கிறது. இந்தியாவில் காபி பயிரிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள். அராபிகாவுக்கு நியூயார்க் சந்தையையும் ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தையையும் பார்த்துத்தான் இங்கே விலை ஏறி இறங்குகிறது. மலையின் பெயரில் விற்கிறவர்களுக்கு அதைத் தாண்டிக் கேட்க ஒரு வழி கிடைக்கிறது. பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் அரக்கு காபிக்கு 2017-ல் பாரிஸில் தனிக் கடையே திறந்தார்கள். அதற்காகத் தினம் குடிக்கும் காபியை எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கலவைக்கும் தனி நியாயம் உண்டு. வருடம் முழுக்க ஒரே ருசி வேண்டுமானால் கலந்துதான் ஆக வேண்டும்.

ஊர் ருசியை மறைப்பது முக்கியமாக சிக்கரிதான். அது காபியே இல்லை, ஒரு செடியின் வேர். காஃபினும் கிடையாது. நிறமும் திக்கும் கொடுக்கும். கலவைத் தூளில் 49 சதவிகிதம் வரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதை பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க 100 கிராம் போதும். ஒரே மலையின் அராபிகாவை, சிக்கரி இல்லாமல், மிதமான வறுவலில் கேட்டு வாங்குங்கள். வழக்கமான ஃபில்டரே போதும். ஆனால் சிக்கரி இல்லாத டிகாக்‌ஷன் வேகமாக இறங்கும், கொஞ்சம் நீர்த்தும் இருக்கும். அதனால் தூளை ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டு மெல்ல அழுத்திவிடுங்கள். தண்ணீர் கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். முதல் டம்ளரில் டிகாக்‌ஷனோடு வெந்நீர் மட்டும். பாலும் சர்க்கரையும் அப்புறம். சுடச்சுடக் குடித்தால் நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும். டம்ளரைக் கையில் பிடிக்கிற அளவுக்கு ஆறட்டும். அந்த மெல்லிய புளிப்பு அப்போதுதான் தலைகாட்டும்.