டேப்பா, ஸ்பேஸா? கருவியே தீர்த்துவைக்கட்டும்

நிரலைத் தொகுக்கும் ‘மேக்’ கருவிக்கு மேக்ஃபைல் எழுதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பிழைச்செய்தி ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’. கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் விழுந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால் கண்ணை நம்பித் தேடினால் தப்பு கிடைக்காது. மேக் கருவியில் இந்த டேப்பை வைத்தவர் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். ஆண்டு 1976. பிறகு மாற்றியிருக்கலாம். ஆனால் சில வாரங்களுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் பன்னிரண்டு பேரின் வசதிக்காக உலகம் அரை நூற்றாண்டாக டேப் அடித்துக்கொண்டிருக்கிறது. மேக்குக்காக அவருக்கு 2003இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் கிடைத்தது. டேப்புக்காக அல்ல என்று நம்புவோம்.

கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்துக்காகப் புரோகிராமர்கள் போட்டுக்கொள்ளும் சண்டை வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கும். லினக்ஸ் கெர்னலின் நடை விதிகள், ஒரு டேப் என்றால் எட்டு எழுத்து அகலம் என்று அடித்துச் சொல்கின்றன. க்னூ அமைப்பின் நடை விதிகளை அச்செடுத்துப் படிக்காமல் கொளுத்துங்கள் என்று அதே ஆவணத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிண்டல் செய்திருக்கிறார். ‘சிலிக்கான் வேலி’ தொலைக்காட்சித் தொடரில் 2016இல் வந்த ஓர் அத்தியாயத்தில், காதலி ஸ்பேஸ் அடிக்கிறவள் என்பதால் நாயகனின் உறவே முறிகிறது. 2017இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் கணக்கெடுப்பை ஆராய்ந்து, ஸ்பேஸ் பயன்படுத்துகிறவர்களின் சம்பளம் டேப் ஆட்களைவிட 8.6 சதவீதம் அதிகம் என்று வெளியிட்டது. அதற்காக யாரும் டேப்பிலிருந்து ஸ்பேஸுக்கு மாறிச் சம்பள உயர்வு கேட்டதாகத் தெரியவில்லை.

சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பார்த்தால், பெரிதாக யார் பக்கமும் இல்லை. பென் ஷ்னைடர்மன் உள்ளிட்ட நால்வர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, உள்தள்ளல் அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, வாசிப்பவர்கள் நிரலை எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதித்தது. இரண்டு முதல் நான்கு ஸ்பேஸ் வரை நல்ல பலன் தெரிந்தது. அதற்கு மேல் போய்ப் பயனில்லை. அதாவது உள்தள்ளல் வேண்டும். ஆனால் இரண்டா, நான்கா என்று நட்பை முறித்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே விஷயமில்லை. விஷயமில்லாத இடத்தில்தான் பேச்சு நீளும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் 1957இலேயே எழுதினார். அணு உலைக்குச் சட்டென ஒப்புதல் கொடுத்துவிடும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் விவாதிக்கும். ஏனென்றால் கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு. ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தில் பால்-ஹென்னிங் காம்ப் 1999இல் இந்தக் கொட்டகையை நினைவூட்டிய பிறகு அது புரோகிராமர்களின் அன்றாடப் பேச்சிலேயே சேர்ந்துவிட்டது.

கோடு ரிவியூவில் இந்தக் கொட்டகை தினமும் கட்டப்படுகிறது. கட்டுரையின் வாதம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய ஆசிரியர், ஒற்று மிகுமா மிகாதா என்பதிலேயே களைத்துப்போவதைப் போன்றது இது. அடைப்புக்குறி எந்த வரியில் தொடங்க வேண்டும், கமாவுக்குப் பிறகு இடம் விட வேண்டுமா என்று பத்துக் குறிப்பு எழுதிய பிறகு, லாக் எடுத்த த்ரெட் அதை விடுவிக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது. ஆகவே என் வாதம் இதுதான்: நிரலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மனிதரிடமிருந்து பறித்து ஒரு கருவியிடம் கொடுத்துவிட வேண்டும். அதில் பேரம் பேசவும் இடம் வைக்கக் கூடாது.

இதைத் துணிந்து செய்தது கோ மொழி. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் கூகுளில் உருவாக்கி 2009 நவம்பரில் வெளியிட்ட மொழி. அத்துடன் கோஃபம்ட் என்ற கருவியும் வந்தது. நிரலை எப்படி எழுதிக் கொடுத்தாலும் ஒரே வடிவில் மாற்றித்தரும். நிரலை வடிவமைக்கும் கருவி அதற்கு முன்பும் இருந்தது. பிஎஸ்டி யூனிக்ஸில் ‘இன்டென்ட்’ என்ற பெயரில் 80களிலேயே புழங்கியது. ஆனால் அதில் ஏகப்பட்ட விருப்பத் தேர்வுகள். ஆளுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு பழைய சண்டையை வேறு கோப்பில் தொடர்ந்தார்கள். கோஃபம்ட்டில் உள்தள்ளலை மாற்றத் திருகாணியே கிடையாது. திறக்கும் அடைப்பை அடுத்த வரிக்குத் தள்ளினால் கம்பைலரே ஏற்காது. அந்த நடை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அந்தக் கருவி எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் பைக் சொன்னது இன்றும் மேற்கோளாகச் சுற்றுகிறது. இன்னொரு பலனும் கிடைத்தது. 2012இல் கோ 1 வெளிவருவதற்கு முன் நூலகங்கள் அடிக்கடி மாறின. பழைய நிரலைத் தானே திருத்தித்தரும் கோஃபிக்ஸ் கருவியை 2011இல் கொண்டுவந்தார்கள். வடிவம் ஒன்றேயானதால், உண்மையில் மாறிய வரி மட்டும், மாற்றங்களைக் காட்டும் டிஃபில் தெரிந்தது. ஏஐ எழுதித்தரும் நிரல் வந்து குவியும் இந்நாளில் இந்த ஒழுங்கின் தேவை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

வடிவம் வெறும் அலங்காரம்தானே என்று கேட்பவர்கள் 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழையைப் பார்க்க வேண்டும். இணையத் தொடர்பில் எதிர்முனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயல்கூறு அது. ஒரு ‘இஃப்’ வரியின் கீழே ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி இருமுறை வந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், இரண்டுமே இஃபுக்குக் கட்டுப்பட்டவை போலத் தோன்றின. ஆனால் அடைப்புக்குறி இல்லை. ஆகவே முதல் வரி மட்டுமே இஃபுக்கு உரியது. இரண்டாவது எப்போதும் ஓடும். அது நேராகக் கடைசிக்குத் தாவியபோது பிழை எண் பூஜ்யமாகவே இருந்தது. முக்கியமான சோதனை நடக்காமலே, எல்லாம் சரி என்று பதில் போனது. ஐஃபோனுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்துகொள்ள வழி திறந்தது. வடிவமைக்கும் கருவி இந்தப் பிழையைத் திருத்தியிருக்காது. ஆனால் இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து இஃபுக்கு நேராக வைத்திருக்கும். நிரல் சொல்வதும் கண்ணுக்குத் தெரிவதும் வேறுவேறாக இருக்க விட்டிருக்காது. 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், இப்படி ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது.

நிரல் எழுதுவது கலை, அதில் எழுதுபவரின் கைத்தடம் வேண்டாமா என்பது அடிக்கடி வரும் எதிர்ப்பு. கைத்தடம் பதிய வேண்டிய இடங்கள் வேறு: மாறிக்கு வைக்கும் பெயர், செயல்கூறைப் பிரிக்கும் விதம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பது. இவற்றில் எந்தக் கருவியும் தலையிடுவதில்லை. மேலும், ரசனை என்று பெருமைப்படுவதில் பாதி பழைய இயந்திரங்களின் எச்சம். வரிக்கு 80 எழுத்து என்ற வரம்பு 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். லினக்ஸ் கெர்னல் அதை 100 ஆகத் தளர்த்தியது 2020இல்தான். அழகாக வரிசைப்படுத்திய அணியைக் கருவி கலைத்துவிடுகிறது என்பது நியாயமான புகார். அதற்காகவே பிளாக், ரஸ்ட்ஃபம்ட், கிளாங்-ஃபார்மட் ஆகிய வடிவமைக்கும் கருவிகளில் அந்தப் பகுதியைத் தொடாதே என்று குறிப்பு வைக்கலாம். நிரல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால், எந்த வரியை யார் எழுதியது என்ற வரலாறு மறைந்துவிடும் என்றும் சொல்வார்கள். 2019இல் வந்த கிட் 2.23 அதற்கு வழி செய்துவிட்டது. குறிப்பிட்ட கமிட்டைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லலாம்.

என்னைத் தயங்கவைக்கும் எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான். அது பார்வைக் குறைபாடு உள்ள புரோகிராமர்களுடையது. பெரிய எழுத்தில் படிப்பவருக்கு நான்கு ஸ்பேஸ் உள்தள்ளல் திரையில் பாதியைத் தின்றுவிடும். பிரெய்ல் காட்டியில் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தை அடைக்கும். டேப் என்றால் அகலத்தை அவரவர் எடிட்டரில் சுருக்கிக்கொள்ளலாம். கோஃபம்ட் உள்தள்ளலுக்கு டேப்பை எடுத்துக்கொண்டதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. பைத்தானின் பெப் 8 ஆவணம் 2001 முதல் நான்கு ஸ்பேஸ் என்கிறது. 2018இல் வூகாஷ் லாங்கா வெளியிட்ட பிளாக் கருவியும் அதையே கட்டாயமாக்குகிறது. எந்த நிறம் வேண்டுமானாலும் கேளுங்கள், கறுப்புதான் தருவோம் என்ற ஃபோர்டு கார் வேடிக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கும் கருவி அது. இந்த ஒரு விஷயத்தில் பைத்தான் தவறாகவும் கோ சரியாகவும் முடிவெடுத்தன என்பது என் கருத்து. ஆனால் இது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கான வாதமே தவிர, ஆளுக்கொரு வடிவம் இருக்கட்டும் என்பதற்கான வாதம் அல்ல.

உங்கள் குழுவில் இன்னும் ஃபார்மேட்டர் இல்லையென்றால் இந்த வாரமே ஒன்றை நிறுவுங்கள். முழு நிரலையும் ஒரே கமிட்டில் மாற்றி, அந்தக் கமிட்டின் எண்ணைக் கிட் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வடிவம் மாறி வரும் நிரலைத் தானியங்கிச் சோதனை (சிஐ) ஏற்காதபடி செய்யுங்கள். அதற்குப் பிறகு ரிவியூவில் யாராவது ஸ்பேஸைப் பற்றிக் குறிப்பு எழுதினால் பதில் சொல்ல வேண்டாம்.