உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடல்தொட்டி

பவளப்பாறைத் தொட்டிக்கான கருவிகளை விளக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு அவற்றில் முக்கிய இடம் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ள பிரம்மதேசத்தில் அந்தப் பட்டியலைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும். இங்கே தொட்டிக்குப் பகை வெயில், மின்தடை, கடற்காற்றில் வரும் உப்பு. எந்தக் கருவி, எவ்வளவு பெரியது என்பதை இந்த மூன்றுமே தீர்மானிக்கின்றன.

கருவிக்கு முன்னால் சட்டம் இருக்கிறது. பாறை கட்டும் கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள், நெருப்புப் பவளம் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடல்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கரையில் ஒதுங்கிய காய்ந்த பவளக்கல்லுக்கும் விலக்கு இல்லை. “வெளிநாட்டுச் சரக்கு” என்று கடைக்காரர் சொல்லும் வாய்ச்சொல் ஆவணம் ஆகாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டப்பட்டது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மிச்சமிருந்தவையும் வெளுத்தன. இந்தக் கட்டுப்பாடு கடுமையானது, ஆனால் நியாயமானது. ஆகவே நம் ஊர் வீட்டில் அமைக்கக்கூடியது செயற்கைப் பாறையும், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன்களும் கொண்ட கடல்தொட்டிதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்தது. கடலிலிருந்து பிடித்து வந்த மீனைத் தேட வேண்டிய தேவை இல்லை.

பாறையை வீட்டிலேயே வார்க்கலாம். சிமென்டோடு உடைத்த கிளிஞ்சலையும் கல்லுப்பையும் கலந்து குழைத்து, மணலில் தோண்டிய குழியில் கொட்டினால் இறுகிவிடும். பிறகு நீரில் ஊறவைக்கும்போது உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளைகளாக மாறும். அந்தத் துளைகளில்தான் பின்னாளில் பாக்டீரியா குடியேறும். புது சிமென்ட் காரத்தைக் கசியவிடும். எனவே தண்ணீரை மாற்றி மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் ஊறவைத்து, காரத்தன்மை அடங்கிய பிறகே தொட்டிக்குள் இறக்க வேண்டும். தரையில் பரப்பவும் கழுவிய கிளிஞ்சல் தூள் போதும்.

பெரிய தொட்டி என்றால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று கொள்ளலாம். அதில் ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் மட்டும் 700 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோவுக்கு மேல் போகும். பாறை, கிளிஞ்சல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டியோ ஒரு சதுர மீட்டரை விடச் சற்றே கூடுதலான இடத்தில் அத்தனை எடையையும் இறக்குகிறது. தரைத்தளமே பாதுகாப்பு. மாடியில்தான் வேண்டும் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக்கூடாது. தாங்கிக்குச் சாதாரண இரும்பு வேண்டாம். உப்புத் துளியும் கடற்காற்றும் அதைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைத்துவிடும். நல்ல மரமோ அலுமினியமோ மேல்.

தொட்டிக்குக் கீழே இன்னொரு சிறு தொட்டி இருக்க வேண்டும். இதைச் சம்ப் என்பார்கள். மேல்தொட்டியின் விளிம்பில் வழியும் நீர் குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும்; வடிகட்டும் கருவிகளைக் கடந்து மோட்டாரால் மேலே திரும்பும். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும், வழிவது உடனே நிற்காது. இந்த அளவுத் தொட்டியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் 28 லிட்டர் கீழே வரும். இரண்டு அங்குலமும் குழாயில் இருப்பதும் சேர்ந்தால் 60 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலி இடம் எப்போதும் இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் கூடத்தில் ஓடும். மோட்டார் நின்றால் திரும்பும் குழாயும் மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும்; அதனால் அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டுவிட வேண்டும். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து நீரிழுப்பை அறுத்துவிடும். மீன் விடுவதற்கு முன்பே மெயினை அணைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கடல் இவ்வளவு அருகில் இருக்கும்போது குடம் குடமாய் மொண்டு வரலாமே என்று தோன்றும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவெளிச் சதுப்புநிலமும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி, கரையோரக் கடல்நீரின் உப்பு சட்டென்று குறைந்துவிடும். வயல்நீரும் கழிவும் அதில் கலக்கும். தொட்டிக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் மாறாத நீர்: லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஒப்படர்த்தி 1.025. மரக்காணம் உப்பளத்து உப்பைக் கரைத்தாலும் அது கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக இறுகும்போது ஜிப்சம் முன்னாலேயே படிந்துவிடும். சுமார் 25 டிகிரி போமே அடர்த்தியில் சோடியம் குளோரைடு விளையும். மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் போன பிறகு மிஞ்சுவது சமையலுக்கு உகந்த உப்பு. எனவே தொட்டிக்கென்றே கலந்து விற்கும் கடலுப்பை வாங்க வேண்டும். சம்ப்போடு சேர்த்து 800 லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ பிடிக்கும். கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராகவும், அதன் பின் அயனி நீக்கும் பிசின் வழியே வந்து டி.டி.எஸ். மீட்டரில் சுழியம் காட்டுவதாகவும் இருக்க வேண்டும். குடிநீருக்கான ஆர்.ஓ. மட்டும் போதாது.

உப்பளத்தில் விரும்பிச் செய்வதைத் தொட்டியில் தடுத்தாக வேண்டும். கோடையில் நாளுக்கு 10 லிட்டர் ஆவியானால், ஈடு செய்யாத ஒரே வாரத்தில் உப்பு 35-லிருந்து 38 கிராமுக்கு மேல் போய்விடும். நீர்மட்டத்தை உணர்ந்து நன்னீரைத் தானே ஊற்றும் கருவியை ஆடம்பரமாக நினைக்கக் கூடாது. ஈடாக ஊற்ற வேண்டியது நன்னீர் மட்டுமே. ஆவியாகிப் போவது நீர், உப்பு அப்படியே தங்கியிருக்கிறது.

ஆவியாதலால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பம் தொட்டியிலிருந்தே போனால் 680 லிட்டர் நீரும் 0.85 டிகிரி குளிரும். மண்பானையில் நடப்பதும் இதுவே. அதனால் நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சிறு விசிறிகளை ஓடவிட்டாலே இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் இது பலிக்காது. கடலோரப் புழுக்கத்தில் விசிறியை மட்டும் நம்புவது ஆபத்து. சித்திரை வெயிலில் அறைக்குள் 33 டிகிரி இருக்கும்போது, மோட்டார்களின் சூடும் சேர்ந்து நீர் 30-ஐத் தாண்டும். 26 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருக்கச் சில்லர் எனப்படும் குளிரூட்டி வேண்டும். இந்த அளவுக்கு அரைக் குதிரைத்திறன் ஏற்றது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தைச் சில்லர் பின்பக்கம் கொட்டும். அதை மூடிய அறைக்குள் வைத்தால் அறை சூடேறி, தொட்டியும் மறுபடி சூடேறும். சுவருக்கு வெளியே நிழலில் வைப்பதே முறை. கருவிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு இதற்குப் போனாலும் வீண் இல்லை. மார்கழி இரவுக்கு ஒரு சிறு ஹீட்டர் போதும்.

அழுக்கை நீக்குவது நுரை. மரக்காணம் கரையில் அலை விட்டுச் செல்லும் நுரையில் மட்கிய உயிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். புரத மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை விலகும். எனவே அவை காற்றுக்குமிழியின் தோலில் வந்து சேரும். புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவி நுண்குமிழிகளை உண்டாக்கி அந்த நுரையை ஒரு கிண்ணத்தில் பிடிக்கிறது. நன்னீரில் குமிழிகள் பெரிதாகி உடைந்துவிடுவதால் இது கடல்தொட்டிக்கே உரியது. தயாரிப்பாளர் சொல்லும் கொள்ளளவை அப்படியே நம்பாமல் ஒன்றரை மடங்குக்கு உரியதை வாங்கலாம். கழிவைப் பாக்டீரியா சிதைத்த பின் மிஞ்சும் நைட்ரேட்டைப் பாசி உண்ணும். சம்ப்பின் ஒரு மூலையில் விளக்குக்குக் கீழே கஞ்சிப்பாசி வளர்த்து அவ்வப்போது கிள்ளி எறிந்தால் அதுவும் வடிகட்டிதான்.

நீரோட்டத்துக்கு இரு மூலைகளிலும் எதிரெதிரே அலையெழுப்பிகள் வேண்டும். விளக்கில் செலவைக் குறைக்கலாம். விலை உயர்ந்த நீல எல்.இ.டி. விளக்குகள் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளுக்கானவை. கால்சியம் ஊட்டும் கருவியும் பவளத்துக்கானதே. பவளம் இல்லாத இந்தத் தொட்டிக்கு இரண்டும் தேவையில்லை.

மின்தடைக்கு வருவோம். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல்நீர் 6.2 மட்டுமே. ஓட்டம் நின்ற தொட்டியில் மீன்கள் சில மணி நேரத்தில் திணறும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாட்களுக்காகத்தான் இன்வெர்ட்டர். 150 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலே 900 வாட் மணி கிடைக்கும். 30 வாட் டி.சி. அலையெழுப்பியை அதில் ஒரு நாளாவது ஓட்டலாம். சில்லரை அதில் இணைத்தால் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். புயல் நாளில் சில்லர் தேவைப்படாது, காற்றே குளிர்ந்திருக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; எனவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு பிளக்கையும் செருகக்கூடாது. வயர் பிளக்கை நோக்கி ஏறுவதற்கு முன் தாழ்வாகத் தொங்கி வளைய வேண்டும். அப்போது வழியும் துளி தரையில் விழும், பிளக்குக்குள் போகாது.

எல்லாம் பொருத்திய பின் நான்கு முதல் ஆறு வாரம் மீன் இல்லாமலே ஓட வேண்டும். சிறிது அம்மோனியா சேர்த்தால் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்த பிறகு, முதல் இணைக் கோமாளி மீன்களை விடலாம். பொரிப்பகத்தில் பிறந்த இந்த மீன்களுக்குக் கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் குறையில்லை. வார்த்த பாறையின் ஒரு பொந்தைத் தமக்கென்று பிடித்துக்கொள்ளும்.