செவிக்கு எழுதிய செம்மல் சோ. சிவபாதசுந்தரம்

மார்கழி வைகறையில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குச் செல்வோர் அதன் கருங்கல் மண்டபத்தில் திருவெம்பாவை ஒலிக்கக் கேட்டிருப்பர். ஒரு மார்கழியில் என்னுடன் வழிபட வந்த மாணவன் ஒருவன், "ஐயா, மணிவாசகர் நடந்த ஊர்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றனவா?" என்று வினவினான். "அவ்வூர்களுக்கெல்லாம் சென்று ஒருவர் நூலே எழுதியிருக்கிறார், அவர் நம் நாட்டவர்" என்று கூறி, ஆசிரியர் பெயரையும் சொன்னேன். "யார் ஐயா அவர்?" என்றான். தமிழைப் பாடமாக எடுத்துப் பயிலும் மாணவன் அவன். அவன் அறியாமைக்கு அவனை நோவதா, அவனுக்குக் கற்பித்த என்னை நோவதா என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதுவித்தது.

அந்நூலாசிரியர் சோ. சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொன்னில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர். சுன்னாகத்தில் நா. பொன்னையா அவர்கள் 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'க்கு, 1938 முதல் 1942 வரை ஆசிரியராய் இருந்தார். ஈழத்துச் சிறுகதையும் கட்டுரையும் முளைவிட்ட நாற்றங்கால் அவ்விதழ் என்பதை இலக்கிய அன்பர் அறிவர். பின்னர் அவர் கொழும்பு வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். கண்ணுக்கு எழுதிய கை அன்று முதல் செவிக்கு எழுதத் தொடங்கியது.

இலண்டன் பி.பி.சி. நிலையத்தில் 1941இல் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு 'செய்தி மடல்' என்னும் பெயரால் வழங்கிவந்தது. 1940களின் பிற்பகுதியில் அங்குப் பணியாற்றச் சென்ற சிவபாதசுந்தரம், பாரதியார் பாடலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டினார். மடல் என்பது எழுதி விடுப்பது. ஓசை என்பது வாயிற் பிறந்து செவியிற் புகுவது. வானொலியின் இயல்பை அவர் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்கு இப்பெயர் மாற்றம் ஒன்றே சான்றாகும்.

அவ்வியல்பை நான் உணர்ந்தது பட்ட பின்னரே. இளம் ஆசிரியனாய் இருந்த காலத்தில் வானொலியிற் பேசும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. எச்சத்தின்மேல் எச்சம் அடுக்கி, உரையாசிரியர் நடையில் எழுதிக்கொண்டுபோய்ப் பிழையின்றி வாசித்துவிட்டு, பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். வானொலிப் பெட்டியருகே அமர்ந்து முழுவதையும் கேட்டிருந்த என் அன்னையார், "நல்லாத்தான் வாசிச்சாய், தம்பி. ஆனா என்ன சொன்னனி எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். எந்தப் புலவரும் என் தமிழை அவ்வளவு சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

அதன் பின்னரே 'ஒலிபரப்புக் கலை'யைத் தேடிப் படித்தேன். சிவபாதசுந்தரம் 1954இல் வெளியிட்ட அந்நூல் தமிழில் அத்துறைக்கு முன்னோடி. நூலைப் படிப்பவன் விளங்காத இடத்தில் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டலாம். கேட்பவனுக்கு அவ்வசதி இல்லை. எழுவாயைத் தொடக்கத்தில் வைத்துப் பயனிலையைப் பத்து அடிக்கு அப்பால் வைத்தால், அது வந்து சேருமுன் எழுவாய் மறந்துபோகும். ஆயிரம் பேர் கேட்பினும் வானொலியிற் பேசுபவன் ஒரு வீட்டில், ஒருவரோடு பேசுபவனே. இவற்றைக் கருதி எழுதும் தமிழ் கொச்சைத் தமிழ் அன்று, தெளிந்த தமிழ். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு எண்ணத்தக்கது.

செவிக்கு எழுதிப் பழகிய இத்தெளிவே அவருடைய பயண நூல்களுக்கு உயிர். 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்', 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்', 'சேக்கிழார் அடிச்சுவட்டில்' என்னும் மூன்றிலும் அவர் நூலறிவை மட்டும் நம்பி எழுதவில்லை. தாமே அவ்வவ்விடங்களுக்குச் சென்று கண்டு எழுதினார். திருவாதவூரும் திருப்பெருந்துறையும் தில்லையும் பாடலிற் பயின்ற பெயர்களாய் நில்லாமல், வழிகேட்டுச் செல்லக்கூடிய ஊர்களாய் நம்முன் தோன்றுகின்றன. சைவ மரபில் வந்தவர், புத்தர் பெருமானின் சுவட்டையும் அதே ஈடுபாட்டோடு தொடர்ந்தமை அவர் உள்ளத்தின் விரிவைக் காட்டும்.

தமிழகத்தில் வாழ்ந்த காலத்தில், வானொலித் துறையில் அவரைப்போலவே பணியாற்றிய 'சிட்டி' பெ. கோ. சுந்தரராஜனுடன் இணைந்து, தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977இலும், தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை 1989இலும் நூல்களாக்கினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் எவரும் இவ்விரண்டையும் தொடாது செல்லல் அரிது.

ஆங்கிலேயர் தம் எழுத்தாளரும் வானொலிப் பேச்சாளருமான ஜே. பி. பிரீஸ்ட்லியைப் போற்றுவர். நாவல், நாடகம், பயண நூல் எனப் பல துறைகளிலும் எழுதிய அவர், 1940இல் போர்க்கால இரவுகளில் வானொலியில் ஆற்றிய உரைகளால் எளிய மக்களின் நெஞ்சிலும் இடம்பெற்றார். இதழாசிரியர், ஒலிபரப்பாளர், பயண நூலாசிரியர், இலக்கிய வரலாற்றாசிரியர் என விளங்கிய ஒருவர் நம்மிடையேயும் இருந்தார். நாம்தாம் அவரைப் பேசுவதில்லை.

சிவபாதசுந்தரம் 2000ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பெயரிட்ட 'தமிழோசை' வானொலியும் 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு ஓய்ந்தது. ஒலி காற்றோடு கலந்தாலும் நூல்கள் எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடி எடுத்து மாணவர் கையிற் கொடுப்பது ஆசிரியராகிய நம் கடன்.

என்னளவில் ஒரு சிறு தொடக்கம் செய்துள்ளேன். என் வகுப்பில் கட்டுரை எழுதும் மாணவன் அதை எழுந்துநின்று உரக்கப் படித்தல் வேண்டும். ஒரே முறை கேட்டதில் மற்றவர்க்கு விளங்காத வாக்கியத்தை அவனே திருத்தி எழுதுவான். இக்கட்டுரையையும் அவ்வண்ணமே அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று வாக்கியங்களைத் திருத்த நேர்ந்தது.