ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி

ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி என்பது ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் நெகிழிப் பொருள்களைக் குறிக்கும். கடைகளில் தரப்படும் மெல்லிய கைப்பைகள், தேநீர்க் குவளைகள், உறிஞ்சு குழல்கள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், உணவு கட்டும் தாள்கள், தெர்மாகோல் தட்டுகள் முதலியன இவ்வகையின. இவற்றின் பயன்பாடு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் எறியப்பட்ட பின் இவை பல பத்தாண்டுகள் மண்ணிலும் நீரிலும் கிடக்கின்றன. எனவே பொருளை மாற்றுவதை விட, ஒரே பொருளைப் பல முறை பயன்படுத்துவதே இச்சிக்கலுக்கு முதன்மையான தீர்வாகும்.

வரலாறு

கைப்பைகள் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் 1933 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இன்று வழக்கிலுள்ள, இரு கைப்பிடிகள் கொண்ட மெல்லிய பையை 1960களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் சுடென் குசுதாஃப் துலின் வடிவமைத்தார். 1965 இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. துலின் தம் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என அவருடைய மகன் பின்னாளில் கூறியுள்ளார். எடை குறைவு, வலிமை, நீர் புகாத்தன்மை ஆகியவற்றால் இப்பை விரைவில் உலகெங்கும் பரவியது. விலை மிகவும் குறைந்ததால் கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினர். இலவசமாகக் கிடைத்ததால் அது எறியப்படும் பொருளாகவும் ஆனது.

மக்காமைக்குக் காரணம்

பாலிஎத்திலீன் மூலக்கூறு என்பது ஆயிரக்கணக்கான கரிம அணுக்கள் அடுத்தடுத்துப் பிணைந்த நீண்ட தொடர் ஆகும். இலை, காகிதம், பருத்தி ஆகியவற்றிலுள்ள செல்லுலோசை உடைக்கும் நொதிகள் பல நுண்ணுயிர்களிடம் உள்ளன. நெகிழியின் கரிமத் தொடரை அவற்றால் எளிதில் உடைக்க இயலாது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நெகிழியை நொறுங்கச் செய்கின்றன. ஆயினும் இது மக்குதல் அன்று. ஒரு பை பல்லாயிரம் துணுக்குகளாக மாறுகிறது, அவ்வளவே. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துணுக்குகள் நுண்நெகிழி எனப்படும்.

பாதிப்புகள்

மெல்லிய பைகள் மழைநீர் வடிகால்களை அடைத்து நீர் தேங்கச் செய்கின்றன. வங்காளதேசத்தில் 1988, 1998 ஆம் ஆண்டுகளின் வெள்ளத்தை நெகிழிப் பை அடைப்புகள் மோசமாக்கின எனக் கருதப்பட்டது. 2002 இல் அந்நாடு மெல்லிய பாலித்தீன் பைகளைத் தடை செய்தது. அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே.

தெருக்களில் மேயும் மாடுகள் உணவுக் கழிவுடன் பையையும் சேர்த்து விழுங்குகின்றன. அது செரிக்காமல் வயிற்றின் முதல் அறையில் சேர்ந்து இறுகுவதால், மாடு தீவனம் உண்ண முடியாமல் மெலிந்து இறக்கவும் நேரிடும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும் தீர்வாகாது. குறிப்பாக பி.வி.சி. கலந்த கழிவு எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப் பொருள்கள் உருவாகின்றன.

மீள்சுழற்சியின் வரம்புகள்

2017 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உருவான நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மீள்சுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலோ இயற்கைச் சூழலிலோ சேர்ந்தது.

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பால் பைகளைக் கழுவிச் சேர்த்து, பழைய பொருள் கடையில் எடைக்குப் போடும் வழக்கம் உள்ளது. தண்ணீர்ப் புட்டிகளும் விலை போகின்றன. ஆனால் சட்டினி ஒட்டிய மெல்லிய பைகளைச் சேர்ப்பவர்களுக்கு உழைப்புக்கேற்ற எடையும் விலையும் கிடைப்பதில்லை. சாம்பு, தின்பண்டப் பாக்கெட்டுகளில் வெவ்வேறு நெகிழிகளும் அலுமினியமும் ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம்.

மாற்றுப் பொருள்களும் மறுபயன்பாடும்

எந்தப் பையை உற்பத்தி செய்தாலும் நீரும் ஆற்றலும் செலவாகும். மெல்லிய நெகிழிப் பை ஒன்றை ஒரு முறை பயன்படுத்துவதால் ஏற்படும் புவி வெப்பமாதல் விளைவுக்கு ஈடாக, பிற பைகளைக் குறைந்தது எத்தனை முறை பயன்படுத்த வேண்டும் என்பதை இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011 இல் கணக்கிட்டது:

* காகிதப் பை – 3 முறை
* தடித்த நெகிழிப் பை – 4 முறை
* நெய்யாத் துணிப் பை – 11 முறை
* பருத்திப் பை – 131 முறை

இக்கணக்கு வடிகால் அடைப்பையோ கால்நடைகளுக்கு நேரும் தீங்கையோ உள்ளடக்கியது அன்று. எனினும் ஒரு செய்தியை அது தெளிவாக்குகிறது. வாரம் இரு முறை சந்தைக்கு எடுத்துச் செல்லப்படும் பருத்திப் பை ஏறத்தாழ பதினைந்து மாதங்களில் 131 முறையைக் கடந்துவிடும். விழாக்களில் அன்பளிப்பாகப் பெற்று அலமாரியில் அடுக்கி வைக்கப்படும் துணிப் பைகளால் பயன் இல்லை.

மாற்றுப் பொருள்கள் போலத் தோன்றும் சிலவும் நெகிழியே. நெய்யாத் துணிப் பை பாலிபுரொப்பிலீன் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்படுவது. உற்று நோக்கினால் ஊடும் பாவும் இராது. சிறு புள்ளி அச்சுகளே தெரியும். காகிதக் குவளையின் உட்புறத்திலும் பொதுவாக மெல்லிய நெகிழிப் பூச்சு உள்ளது.

சட்ட நடவடிக்கைகள்

* அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. ஒருவர் ஓராண்டில் பயன்படுத்தும் பைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 328 இலிருந்து 21 ஆகக் குறைந்தது.
* இலங்கை 2017 செப்டம்பரில் மெல்லிய பொலித்தீன் பைகள், உணவு சுற்றும் தாள்கள் ஆகியவற்றைத் தடை செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து பலர் உயிரிழந்திருந்தனர்.
* நீலகிரி மாவட்டம் 2000களின் தொடக்கத்திலேயே நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது.
* தமிழ்நாடு அரசு 2018 சூன் 5 அன்று அறிவித்த தடை 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தடிமனுள்ள கைப்பையும், நெகிழி பூசிய காகிதக் குவளையும், நெய்யாத் துணிப் பையும் இதில் அடங்கின. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காகிதக் குவளைத் தடையை உறுதி செய்தது. நெய்யாத் துணிப் பைகள் மீதான தடையை மறுபரிசீலனை செய்யக் கூறியது.
* இந்திய அரசு 2022 சூலை 1 முதல் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சு குழல் முதலியவற்றைத் தடை செய்தது. 2022 திசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள நெகிழிக் கைப்பைகளும் தடைக்கு உள்ளாயின. தடித்த பையின் விலை கூடுதல் என்பதால் அதை இலவசமாகக் கொடுப்பது கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. எறிந்தாலும் அதைச் சேகரிப்பது எளிது.

தடை விதித்த பின்னும் சிறு கடைகளிலும் சந்தைகளிலும் மெல்லிய பைகள் புழங்குகின்றன. வாங்க வருபவர் பை கொண்டு வராவிட்டால் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவார் என்னும் அச்சம் கடைக்காரர்களுக்கு உண்டு. ஆகவே சட்டத்தின் வெற்றி வாங்குவோரின் பழக்கத்தையும் சார்ந்துள்ளது.

மஞ்சப்பை

திருமணத் தாம்பூலத்துடன் தரப்படும் மஞ்சள் நிறப் பருத்திப் பை தமிழ்நாட்டில் மஞ்சப்பை எனப்படுகிறது. நெகிழிப் பைகள் பெருகிய பின், மஞ்சப்பையுடன் வருபவர் பட்டிக்காட்டார் என்னும் ஏளனம் எழுந்தது. அதை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. 2022 இல் சென்னை கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை வழங்கும் தானியங்கி இயந்திரம் நிறுவப்பட்டது.

அன்றாட வாழ்வில் குறைக்கும் வழிகள்

* மடித்த துணிப் பை ஒன்றை வண்டியிலும் பள்ளி அல்லது அலுவலகப் பையிலும் எப்போதும் வைத்திருத்தல். பை கையில் இல்லாத நேரத்தில்தான் நெகிழிப் பை வாங்கப்படுகிறது.
* இறைச்சி, மீன், இட்லி மாவு, உணவகச் சாம்பார் ஆகியவற்றை வாங்க மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் கொண்டு செல்லுதல்.
* வெளியே செல்லும்போது வீட்டிலிருந்தே குடிநீர் எடுத்துச் செல்லுதல்.
* விருந்துகளில் வாழையிலை, மந்தாரையிலை, பாக்குமட்டைத் தட்டு ஆகியவற்றையும், கழுவி மீண்டும் பயன்படுத்தும் குவளைகளையும் பயன்படுத்துதல்.
* சிறு பாக்கெட்டுகளுக்கு மாற்றாகப் பெரிய கொள்கலனில் வாங்குதல்.
* வீட்டில் ஏற்கெனவே உள்ள நெகிழிப் பைகளை எறியாமல், கிழியும் வரை பயன்படுத்துதல்.

நாளொன்றுக்கு ஒரு பையைத் தவிர்க்கும் குடும்பம் ஓராண்டில் 365 பைகளைத் தவிர்க்கிறது. நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டிலும் இது நடந்தால், ஓராண்டில் 14,600 பைகள் குப்பையில் சேராமல் தடுக்கப்படும்.