"அடுத்த மாசம் முடிஞ்சிடும் சார்!" - நீங்கள் கட்டும் வீடு ஏன் தள்ளிக்கொண்டே போகிறது?

பூமி பூஜை அன்று எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைத்து, "அடுத்த தையில் பால் காய்ச்சுறோம்" என்று கேப்ஷனும் போட்டாச்சு. தை வந்தது, போனது. வீடு இன்னும் பூச்சுவேலையிலேயே நிற்கிறது. சொந்தக்காரர்கள் ஃபங்ஷனில் பார்த்தால் முதல் கேள்வியே, "என்னப்பா, வீடு முடிஞ்சுதா?" என்பதுதான்.

கேள்வியைக்கூட சிரித்துச் சமாளித்துவிடலாம். பணத்தை? ஒரு சின்ன கணக்கு போடுவோம். வீட்டுக் கடனில் இதுவரை 15 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது, வட்டி 9% என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 11,250 ரூபாய் வட்டி. இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 12,000. இரண்டும் சேர்ந்து 23,250. ஆறு மாதம் தள்ளிப்போனால் 1,39,500 ரூபாய். மாடுலர் கிச்சனுக்கு ஒதுக்கிய காசு அப்படியே போச்சு!

வேலை ஏன் இழுக்கிறது? எங்கே நாம் உஷாராக இருக்கலாம்? பார்க்கலாம் வாங்க.

பேப்பர் ரெடியா?

நிறைய வீடுகளில் தாமதம் செங்கல் இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பத்திரத்தில் ஓர் அளவு, மனையில் வேறு அளவு இருக்கும். இதையெல்லாம் சரிசெய்யாமல் வரைபட அனுமதியும் நகராது, பேங்க் லோனும் நகராது.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ வீடாகக் கட்டினால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கலாம். ஆனால், நீங்கள் தரும் விவரங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. பேப்பர் சரியாக இருந்தால்தான் இந்த வேகம் உதவும்.

காசு இருக்கு, ஆனா கையில் இல்லை

"முப்பது லட்சம் லோன் சாங்ஷன் ஆகிடுச்சு" என்று நிம்மதியாக இருப்போம். பேங்க் அதை மொத்தமாகத் தராது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்துதான் அடுத்த தவணையை விடும். கட்டம் முடிக்கக் காசு வேண்டும். காசு வரக் கட்டம் முடிய வேண்டும். இந்த இடைவெளியில்தான் பல வீடுகள் நின்றுபோகின்றன.

சம்பளம் ரெண்டு வாரம் லேட்டானால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்ப அழைத்து வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனவே ஒரு கட்டத்துக்கான செலவாவது எப்போதும் தனியாகக் கையில் இருக்கட்டும். தவணைக்கான விண்ணப்பத்தையும் கட்டம் முடியும் முன்பே தயார் செய்துவிடுங்கள்.

ஆள் எங்கே?

தீபாவளி, பொங்கல் என்றால் நம் ஊர் மேஸ்திரியும் சித்தாளும் லீவு. பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஹோலி, சத் பூஜை, தேர்தல் என்று ஊருக்குக் கிளம்புவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா? காலண்டரைப் பார்த்து நாம்தான் திட்டமிட வேண்டும்.

இன்னொன்று, கான்ட்ராக்டர் ஒரே நேரத்தில் நாலைந்து வேலை எடுத்திருப்பார். எந்த ஓனர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆள் போகும். ஒப்பந்தம் போடும் முன், "இப்போ எத்தனை சைட் ஓடுது?" என்று கேட்டு, ரெண்டு சைட்டையாவது நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மழையும் மணலும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது நமக்கு அத்துப்படி. ஆனாலும் வானம் தோண்டும் வேலையை ஐப்பசியில் ஆரம்பித்துவிட்டு, குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருப்போம். முடிந்தவரை அஸ்திவாரமும் ரூஃபும் மழைக்கு முன் முடிவதுபோலத் தொடங்குங்கள்.

குவாரி ஸ்டிரைக், லாரி ஸ்டிரைக் என்றால் எம்-சாண்டும் ஜல்லியும் வராது. வந்தாலும் விலை எகிறும். அடுத்த கட்டத்துக்கான லோடை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சிமென்ட்டை மட்டும் மாசக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும்.

நம்ம பங்கும் இருக்கு!

இதைச் சொன்னால் கொஞ்சம் வலிக்கும். நிறைய தாமதத்துக்குக் காரணம் நாம்தான். ரூஃப் போட்ட பிறகு இன்ஸ்டாவில் ஒரு ஓப்பன் கிச்சன் ரீலைப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவரை எடுத்துடலாமா?" என்போம். வாஸ்து பார்க்கும் மாமா வந்து வாசலை மாற்றச் சொல்வார். சுவரை இடிக்கிறது ஒரு நாள் வேலை. ஆனால் ஒயரிங், பைப், பூச்சு, டைல்ஸ் என எல்லாமே அதன் பின்னால் நகரும். அனுமதி வாங்கிய வரைபடத்திலிருந்து விலகினால் சட்டச் சிக்கலும் வரலாம்.

ஸ்விட்ச் பாயின்ட் எங்கே, வாஷிங் மெஷின் எங்கே, ஏசி எங்கே என்பது வரை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேப்பரில் சண்டை போட்டு முடித்துவிடுங்கள். பேப்பரில் அழிக்க ரப்பர் போதும். சைட்டில் கடப்பாரை வேண்டும்.

இந்தத் தாமதம் நல்லது

எல்லா லேட்டும் கெட்டதில்லை. "வேகமா முடிங்க" என்று நாம் நெருக்கும்போது முதலில் அடிபடுவது கியூரிங்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. நம் ஊர் வெயிலில் அது 10, 14 நாள் என்று கூடும்.

சென்ட்ரிங் முட்டும் அப்படித்தான். சாதாரண சிமென்ட்டில், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் 14 நாள். பீம்களுக்கு 14 முதல் 21 நாள். பி.பி.சி. என்றால் இன்னும் கூடலாம், அதனால் உங்கள் இன்ஜினீயர் சொல்லும் தேதிதான் இறுதி. "பலகைக்கு வாடகை ஏறுது சார்" என்று யாராவது அவசரப்பட்டால், நீங்கள்தான் தடுக்க வேண்டும். அந்தத் தளத்துக்குக் கீழேதான் உங்கள் குடும்பம் தூங்கப்போகிறது.

பிளாட் வாங்குறீங்களா?

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டப்படும் புராஜெக்ட் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். எப்போது முடிப்போம் என்று பில்டர் கொடுத்த தேதி ரெரா தளத்திலேயே இருக்கும். ஒப்பந்தத் தேதிக்குள் வீட்டைத் தராவிட்டால் விலகி, வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காத்திருக்கத் தயார் என்றால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வாங்க பில்டருக்கும் அனுமதியில்லை.

தனி வீடு கட்டுகிறவர்களுக்கு ரெரா கைகொடுக்காது. உங்கள் ஒப்பந்தம்தான் உங்கள் ரெரா. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி, அந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம், தாமதமானால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வேலை முன்னே, பணம் பின்னே என்பதில் கறாராக இருங்கள். அதேபோல, முடிந்த வேலைக்கான பணத்தை இழுத்தடிக்கவும் செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கார்த்திகைக் கடைசியில் முடிய வேண்டிய வேலை பத்து நாள் நழுவினால், மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். தை வரை வாடகைதான். கான்ட்ராக்டர் சொல்லும் தேதியோடு ரெண்டு மூணு மாசம் சேர்த்துத் திட்டமிடுங்கள். பத்திரிகை அடிப்பதும், இப்போதைய ஹவுஸ் ஓனரிடம் "காலி பண்றோம்" என்று சொல்வதும் பெயின்ட் வேலை முடிந்த பிறகு இருக்கட்டும்!